காவல் நாயின் காதைக் காப்போம்

நெசவாளர் வீட்டுத் திண்ணையிலும் விவசாயியின் களத்து மேட்டிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் ஊழியன் ஒருவன் உண்டு. அவனுக்கு மாதச் சம்பளம் இல்லை; போனஸ் இல்லை; சங்கத்தில் பங்குத் தொகையும் இல்லை. மிஞ்சிய சோறும் ஒரு சட்டித் தண்ணீரும் அவனுக்குப் போதும். அதற்கு ஈடாக அவன் காத்துத் தருபவை எவை? தறியில் ஏற்றிய பாவு, அடுக்கி வைத்த நூல் சிட்டங்கள், களத்தில் காயும் மணிலாக்கொட்டை, பம்பு செட்டின் செம்புக் கம்பி, பட்டியில் அடைத்த ஆடுகள். நம் வீட்டு நாயைப் பற்றியே சொல்கிறோம்.

நாய் கண்ணால் காப்பதைவிடக் காதாலும் மூக்காலும் காப்பதே மிகுதி. மனிதனுடைய காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியை உணரும். நாயின் காதோ 40,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகளையுடைய ஒலியையும் உணர வல்லது. நமக்குக் கேளாத சருகோசை அதற்குக் கேட்கிறது. செவிமடலை இப்படியும் அப்படியும் திருப்பி, ஓசை வந்த திசையையும் அது கண்டுகொள்கிறது.

மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆட்டின் கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்க்கிறோம். அச்சுக் கட்டையில் ஒரு பல் வளைந்தாலும் கவனித்து நிமிர்த்துகிறோம். ஆனால் நாயின் காதை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுகிறேன்.

ஒரு வீட்டில் நடந்தது

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் அன்று பட்ட பாட்டை நம் அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றில் என் உறவினர் ஒருவர் சிறு நிலம் வைத்துப் பயிரிட்டு வருகிறார். அவர் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். அந்த மழையில் மணியும் நாள் கணக்கில் நனைந்து கிடந்தது. அத்துன்பமெல்லாம் தாங்கி மீண்டது.

மழை ஓய்ந்து, தை பிறந்து, வரப்புகளிலும் கரம்புகளிலும் புல் முற்றிக் காய்ந்த சமயம் அது. ஒருநாள் காலை, வயலிலிருந்து திரும்பிய மணி தலையை விடாமல் உதறத் தொடங்கியது. வலக் காதைப் பின்னங்காலால் பிறாண்டியது. "காதில் குளிர் இறங்கியிருக்கும்" என்றார் ஒருவர். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் ஊற்றினார்கள். மறுநாள் உதறல் சற்றுத் தணிந்தது. குணமாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான்காம் நாள் காதிலிருந்து நாற்றம் வீசியது. வீட்டுக் குழந்தைக்கு எப்போதோ வாங்கி மிச்சமிருந்த காது மருந்தை எடுத்து விட்டார்கள். பத்தாம் நாள் மணி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நேராக நடக்க மாட்டாமல் தள்ளாடியது.

அதன்பிறகே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். அவர் மயக்க மருந்து கொடுத்து, விளக்குப் பொருத்திய கருவியால் காதினுள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து அவர் எடுத்தது ஊசிப்புல்லின் விதை ஒன்று. அது செவிப்பறையைத் துளைத்திருந்தது. அத்துளை வழியே எண்ணெயும் சீழும் நடுச்செவிக்குள் இறங்கியிருந்தன. ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு மணி பிழைத்தது. வலக் காதின் கேள்வி மட்டும் திரும்பவில்லை.

அதனால் வந்த நஷ்டம் பங்குனியில் தெரிந்தது. ஓர் இரவு பம்பு செட்டுக் கம்பியை யாரோ வெட்டினார்கள். மணி அரவத்தைக் கேட்டது, குரைத்தது, ஆனால் எதிர்த் திசையில் ஓடியது. ஓசை வரும் பக்கத்தை அறிய இரண்டு காதுகளும் வேண்டும் அல்லவா? மணிலாப் பயிர் காய் பிடிக்கும் தருணத்தில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றுபோயிற்று. முதல் நாளே காதைப் புரட்டிப் பார்த்து மருத்துவரிடம் காட்டியிருந்தால், ஒரு சிறு இடுக்கியோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

கிணறும் பக்கத் துளையும்

இந்த வீட்டார் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். நாயின் காது எப்படி அமைந்துள்ளது என்பதை அறியாததே அவர்கள் செய்த பிழை. ஆகவே அதை முதலில் தெரிந்துகொள்வோம்.

மனிதனின் காதுத் துவாரம் ஏறக்குறைய நேராக உள்ளே செல்வது. நாயின் காதுக் குழாய் அவ்வாறன்று. நம் பக்கத்துக் கிணறுகளில் நீர் குறைந்தால் அடியில் பக்கவாட்டில் துளை போடுவது வழக்கம். நாயின் காதும் அதே அமைப்பு உடையது. முதலில் கிணற்றைப் போலச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. பிறகு மூலையில் திரும்பிப் பக்கத் துளையைப் போலத் தலையின் உட்புறம் நோக்கிச் செல்கிறது. அதன் கோடியில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. நாயின் உடலளவுக்கு ஏற்ப இக்குழாய் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளமிருக்கும்.

இவ்வமைப்பினால் விளையும் உண்மைகள் மூன்று. முதலாவது, மேலேயிருந்து நாம் காண்பது கிணற்றின் வாய் மட்டுமே. நோயோ பெரும்பாலும் அடித் துளையில் இருக்கும். இரண்டாவது, உள்ளே சென்ற நீரும் எண்ணெயும் எளிதில் வெளியே வாரா. மூன்றாவது, பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு வெளியே வருவதற்குப் பதிலாக மூலைக்குள் இன்னும் இறுகிப்போகும்.

இயற்கை இக்குழாய்க்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. தறியில் நெய்யப்பட்ட துணி சிறிது சிறிதாகப் படமரத்தில் சுருண்டு முன்னேறுவதை நெசவாளர் அறிவர். அவ்வாறே காதின் உட்தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்புறம் நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனோடு காதுமெழுகும் தூசும் தாமாகவே வெளியேறுகின்றன. ஆகையால் நோயற்ற காதை நாள்தோறும் கழுவ வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சிக் கழுவினால் உட்தோல் ஊறிப் புண்ணாகும். தேவையில்லாத சுத்தமும் ஒரு கெடுதியே.

எனவே நாம் கைக்கொள்ள வேண்டிய விதி இது: காதை வாரந்தோறும் பாருங்கள்; முகர்ந்தும் பாருங்கள்; தேவை ஏற்பட்டால் மட்டும் சுத்தம் செய்யுங்கள்; நோய் கண்டால் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நோய் வரும் வழிகள்

காதில் சீழும் நாற்றமும் கண்டால் "கிருமி புகுந்துவிட்டது" என்கிறோம். அது பாதி உண்மையே. ஈஸ்ட் என்னும் பூஞ்சையும் சில பாக்டீரியாக்களும் நல்ல காதிலும் சிறிதளவு எப்போதும் வாழ்கின்றன. காதின் நிலை கெடும்போதுதான் அவை அளவின்றிப் பெருகுகின்றன. கிருமியை மட்டும் கொன்று மூல காரணத்தை விட்டுவிட்டால், களையின் தலையைக் கிள்ளி வேரை விட்டது போல நோய் மீண்டும் துளிர்க்கும். மூல காரணங்களில் முக்கியமானவை கீழே தரப்படுகின்றன.

ஈரம்: வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஏரிகளும் வாய்க்கால்களும் நிரம்பிவிடும். நாய்கள் அவற்றில் நீந்தி வரும். செவிமடல் நிமிர்ந்து நிற்கும் நாட்டு நாய்க்குக் காற்றே காதை உலர்த்திவிடும். மடல் தொங்கும் நாய்களுக்கு அந்த வசதி இல்லை. நம் மாநிலத்தின் பெருமைக்குரிய இராஜபாளையம் நாயும், இன்று விழுப்புரம், திண்டிவனம் நகர வீடுகளில் மிகுதியாகக் காணும் லாப்ரடார் நாயும் மடல் தொங்கும் வகையைச் சேர்ந்தவை. மூடிய பானைக்குள் ஈரத் துணியை வைத்தாற்போல அவற்றின் காது புழுங்கும். அங்கே பூஞ்சை செழிக்கும்.

புல் விதை: மணிக்கு நேர்ந்தது இதுவே. ஊசிப்புல்லின் விதை முன்னோக்கி நகரும் இயல்புடையது, பின்னோக்கி வராது. மழை முடிந்து புல் முற்றும் மார்கழி, தை, மாசி மாதங்களில் கரம்பிலும் பாறைக் குன்றுகளிலும் திரிந்து வரும் நாயின் காது, கால் விரலிடுக்கு இரண்டையும் அன்றன்று பார்த்துவிட வேண்டும்.

உண்ணி: நாயின் மடலிடுக்கிலும் காதின் உட்புறத்திலும் பழுப்பு நிற உண்ணிகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அவை காதைப் புண்ணாக்குவதோடு நில்லாமல், உயிரைப் பறிக்கும் இரத்தக் காய்ச்சல்களையும் பரப்பும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். மண் சுவர், திண்ணை இடுக்கு, குழித்தறியின் ஓரம், ஆட்டுப் பட்டியின் கல் சந்து ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். எனவே நாயை மட்டும் கவனித்துப் பயனில்லை. வெடிப்புகளைப் பூசி மூட வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

காதுப் பேன்: கண்ணுக்குப் புள்ளியளவே தோன்றும் ஒருவகைச் சிலந்திப் பேன் இது. குட்டிகளிடத்து மிகுதி. இது இருந்தால் காதில் காப்பித் தூளைப் போன்ற கறுத்த உலர் அழுக்குச் சேரும். அரிப்புத் தாங்க முடியாததாக இருக்கும். நாயிலிருந்து பூனைக்கும் பூனையிலிருந்து நாய்க்கும் இது தாவும். முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஆகையால் வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றிற்கும் ஒரே சமயத்தில், மருத்துவர் குறிக்கும் காலம் முழுதும் சிகிச்சை தர வேண்டும்.

ஒவ்வாமை: ஆண்டில் பலமுறை இரு காதுகளிலும் நோய் வந்து வந்து போனால் இதையே முதலில் ஐயுற வேண்டும். பூந்தாது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, ஏதேனும் ஓர் உணவு, இவற்றில் ஒன்று நாயின் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இத்தகைய நாய் பாதங்களையும் ஓயாமல் நக்கும்; அக்குளும் வயிறும் சிவந்திருக்கும். காதுக்கு மட்டும் மருந்து விட்டால் இது தீராது. தோல் நோயாகவே கருதிச் சிகிச்சை செய்ய வேண்டும்.

அறிகுறிகளைப் படிக்கும் விதம்

நல்ல காதின் உட்புறம் இளஞ்சிவப்பாக, சுத்தமாக, நாற்றமின்றி இருக்கும். சிறிது வெளிர் பழுப்பு மெழுகு இருப்பது இயல்பே. அதை நோயென்று எண்ண வேண்டாம்.

பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த மாவைப் போன்ற வாடையும் இருந்தால் பூஞ்சை பெருகியிருக்கக்கூடும். மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழும் கடும் நாற்றமும் இருந்தால் பாக்டீரியா மிகுந்திருக்கக்கூடும். இவை ஊகங்களே. மருத்துவர் காதின் அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு கூறுவார். வெளித் தோற்றம் ஒன்றாயிருந்தாலும் கிருமி வேறாயிருக்கும், மருந்தும் வேறாகும். சென்ற ஆண்டு மிச்சமான மருந்து இவ்வாண்டு பயன்படாமல் போவதன் காரணம் இதுவே. அரைகுறையாகப் பழைய மருந்தை விட்டுப் பழகிய கிருமிகள், பின்னர் நல்ல மருந்துக்கும் அசையாதவையாகிவிடும்.

தலையை உதறுதல், காதைச் சொறிதல், தரையில் தேய்த்தல், காதைத் தொட்டால் முனகுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டால் இரண்டொரு நாளில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்தல், வட்டமிட்டு நடத்தல், தள்ளாடுதல், முகம் ஒரு பக்கம் தொங்குதல் ஆகியவை நோய் செவிப்பறையைத் தாண்டிவிட்டதைக் காட்டும். அன்றே புறப்பட வேண்டும்.

சில சமயம் செவிமடல் தலையணையைப் போலத் திடீரென வீங்கும். தலையை ஓயாமல் உதறுவதால் மடலுக்குள் சிறு இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் தேங்கியதன் விளைவு அது. ஊசியால் குத்தி வடிக்க முற்படுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் மீண்டும் தேங்கும், சீழும் பிடிக்கும். அதையும் மருத்துவரே கவனிக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

தொங்கு காது நாய்க்கும், அடிக்கடி நீரில் இறங்கும் நாய்க்கும், மெழுகு மிகுதியாகச் சுரக்கும் நாய்க்கும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். சிகிச்சையிலுள்ள காதுக்கு மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு.

வேண்டிய பொருள்கள் சில: நாயின் காதுக்கென்றே தயாரிக்கப்பட்ட, மருத்துவர் குறித்துத் தந்த கழுவு திரவம், சுத்தமான பஞ்சு அல்லது மெல்லிய பருத்தித் துணி, நாய்க்குப் பழக்கமான உதவியாள் ஒருவர், கொடுப்பதற்குச் சிறிது தின்பண்டம்.

முதலில், நாய் அமைதியாக இருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். திரவப் புட்டியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் அதன் குளிர்ச்சி நீங்கும். குளிர்ந்த திரவம் நாயை மிரளச் செய்யும். மடலை மென்மையாக மேல்நோக்கித் தூக்குங்கள். அப்போது குழாயின் வளைவு சற்று நேராகும். புட்டியின் முனை தோலில் படாமல், குழாய் நிறையும் அளவு திரவத்தை விடுங்கள். பிறகு மடலை விடாமலே, காதின் அடிப்பகுதியை விரல்களால் சுமார் அரை நிமிடம் பிசைந்து விடுங்கள். "சளக் சளக்" என்ற ஓசை கேட்டால் திரவம் அடித் துளை வரை சென்றிருக்கிறது என்று அறியலாம்.

இனி நாயை விட்டுவிடுங்கள். அது தலையை உதறட்டும். ஆழத்திலுள்ள அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறலே. வேட்டியில் தெறிக்குமே என்று தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பின்னர்ப் பஞ்சை விரலில் சுற்றி, விரல் தானே செல்லும் ஆழம் வரை மட்டும் துடையுங்கள். ஒரு காதுக்கு உபயோகித்த பஞ்சை மறு காதுக்கு உபயோகிக்கக் கூடாது. முடிந்ததும் தின்பண்டம் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். குட்டிப் பருவத்திலிருந்தே காதைத் தொட்டுப் பழக்கிய நாய், வளர்ந்த பின்பு தானே வந்து தலையைக் காட்டும்.

காது வலிக்கும்போது அன்பான நாயும் கடித்துவிடும். அகலமான பருத்தி நாடாவை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சிட்டு, காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்க எளிதாகக் கட்டிக்கொள்ளலாம். மூச்சிரைக்கும் நாய்க்கும் குட்டை மூக்கு நாய்க்கும் அவ்வாறு கட்டக்கூடாது; கட்டினாலும் சில நிமிடங்களில் அவிழ்த்துவிட வேண்டும். வலி மிகுதியாயிருந்தால் வீட்டில் சுத்தம் செய்யவே முயல வேண்டாம். தப்பித் தவறிக் கடி பட்டால், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிய வேண்டும்.

குளிப்பாட்டும்போது காதின் வாயில் பஞ்சுருண்டை ஒன்றைத் தளர்வாக வைத்தால் நீர் இறங்காது. குளிப்பாட்டி முடிந்ததும் அதை எடுத்துவிட மறவாதீர்கள். ஏரியில் நீந்தி வந்த நாயின் மடலை உலர்ந்த துணியால் ஒற்றி, சற்று நேரம் காற்றாட விடுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்தெடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள். விரலால் நசுக்கவோ, நெருப்பால் சுடவோ, மண்ணெண்ணெய் தடவவோ கூடாது. காதுக் குழாயின் ஆழத்தில் இருப்பதை மருத்துவரே எடுக்கட்டும். உண்ணி வராமல் தடுக்கும் மாத்திரைகளும், பிடரியில் விடும் மருந்துகளும் இக்காலத்தில் உள்ளன. நாயின் எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் அவற்றைக் குறித்துக் கொடுப்பார்.

செய்யத் தகாதவை

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை நம் விவசாயிகள் நன்கறிவர். அங்கு உருவான 'டி.எம்.வி.' இரகங்கள் எள்ளிலும் மணிலாவிலும் புகழ் பெற்றவை. அந்த எள்ளின் எண்ணெயும் அந்த மணிலாவின் எண்ணெயும் நம் அடுப்புக்கு உரியவை. நாயின் காதுக்கு உரியவை அல்ல. எண்ணெய் அழுக்கைக் குழைத்து உள்ளே தேக்கும். மருத்துவர் பார்க்கும்போது செவிப்பறை கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கும். பறை கிழிந்திருந்தால் நடுச்செவிக்குள் இறங்கும். சூடு சற்று மிஞ்சினால் வெந்துபோகவும் செய்யும்.

சாராய ஸ்பிரிட், ஹைடிரஜன் பெராக்சைடு, தரை கழுவும் கிருமிநாசினி, சுண்ணாம்பு நீர் ஆகியவற்றை ஒருபோதும் ஊற்றாதீர்கள். புண்ணான தோலை அவை எரித்துவிடும். மனிதருக்கான காது மருந்தையும் தாமாக விடக்கூடாது. அவற்றுட் சில மருந்துகள், செவிப்பறை கிழிந்திருந்தால் உட்செவியை அடைந்து கேள்வியை அடியோடு கெடுக்க வல்லவை. பறை முழுமையாக உள்ளதா என்று பார்த்த பிறகே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

புழு வைத்த காதில் பாச்சை உருண்டையைப் பொடித்துப் போடுவோரும் உளர். அது நஞ்சு. புழுக்கள் சில நாட்களில் சதையைக் குடைந்துவிடும். ஆகையால் அன்றே மருத்துவரிடம் சென்று புழுக்களை எடுத்து, புண்ணுக்கு மருந்திட வேண்டும். காதின் நுனியில் சிறு கீறல் கண்டபோதே கவனித்து, ஈ மொய்க்காமல் காத்தால் இத்துன்பமே வராது.

எல்லாவற்றிலும் பெருந்தவறு, வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்காக நாயின் மேல் பூசுவது. நாய் தன் உடலை நக்கும். மருந்து தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். உண்ணி சாவதற்கு முன்பே நாய் செத்துவிடக்கூடும். அந்நாயைத் தடவும் குழந்தைக்கும் தீங்கு நேரும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி ஒருவருக்கு இக்காரியங்கள் சுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்குச் சுமையானதைப் பலர் கூடிப் பங்கிட்டுக்கொள்வதற்காகத்தானே நாம் சங்கம் வைத்திருக்கிறோம்?

சென்னையில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதனை உள்ளடக்கி 1989-இல் அமைந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் பயிற்றுவித்த மருத்துவர்கள் இன்று நம் பக்கத்து மருந்தகங்களிலேயே பணிபுரிகிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் தினமாகக் கொள்ளப்படுகிறது. அதையொட்டிப் பல இடங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடைபெறும். அது பருவமழைக்கு முந்திய சமயம். அந்த முகாமிலேயே காதையும் பார்க்குமாறு சங்கத்தின் சார்பில் மருத்துவரை வேண்டிக்கொண்டால், ஊசியும் காதுப் பரிசோதனையும் ஒரே நடையில் முடிந்துவிடும். மருத்துவர் குறிக்கும் கழுவு திரவத்தைப் பத்து வீட்டார் சேர்ந்து ஒன்றாக வாங்கிப் பங்கிட்டால் செலவும் குறையலாம். நல்ல இடுக்கி ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் வைத்திருக்கலாம்.

தெரு நாய்களையும் ஒரு சொல்லில் நினைவு கொள்வோம். ஒரு தெரு நாயின் காது நுனி கத்தரித்ததுபோல் இருந்தால் அதை நோயென்று கருத வேண்டாம். கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்யப்பட்டதற்கு மருத்துவர்கள் இடும் அடையாளம் அது. அப்படிப்பட்ட நாயை விரட்டினால், அடையாளமில்லாத வேறொரு நாய் அவ்விடத்துக்கு வந்து சேரும்.

அங்கத்தினர்களே! வெள்ளிக்கிழமை தோறும் வீடு மெழுகுகிறோம், தறியைத் துடைக்கிறோம், ஏர்க்கலப்பையைக் கழுவி வைக்கிறோம். அந்த வேளையிலேயே நாயையும் அருகில் அழைத்து, இரு காதுகளையும் புரட்டிப் பார்த்து முகர்ந்துவிட இரண்டு நிமிடமே ஆகும். மணி இன்றும் அதே வீட்டுக் களத்தில் படுத்திருக்கிறது. யாரேனும் வலப்பக்கமிருந்து வந்தால் அது அறிவதில்லை. அருகே வந்த பின்பே திடுக்கிட்டு எழுகிறது. அதைக் காணும்போதெல்லாம் என் உறவினர், "அன்றைக்கே பார்த்திருக்கலாம்" என்கிறார். நம் வீட்டில் அந்தச் சொல் எழாதிருக்க வேண்டுமானால், இன்று மாலையே பார்த்துவிடுவோம்.